நாலாம் நம்பர் கையுறை

நடுவிரல் நுனியில் சில்லென்றது.

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கையை உருவிப் பார்த்தாள். உள்ளே போட்டிருந்த மெல்லிய கையுறையின் விரல் நுனியில் ஒரு சொட்டு ஈரம். கிருமிநாசினி.

அந்த ஐசொலேட்டர் ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டி. வெளிக்காற்று இம்மியும் படாமல் அதற்குள்தான் ஊசிமருந்து குப்பிகளில் நிரம்பும். கண்ணாடிச் சுவரில் பொருத்திய நீளமான ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டுத்தான் உள்ளே எதையும் தொட முடியும். மருந்து நிரப்பி முடித்ததும் பெட்டியைத் துடைத்துச் சுத்தம் செய்வது அவள் வேலை. பதினேழு வருடமாக. யார் கண்ணுக்கும் தெரியாத தூசி அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவதால், அங்கே அவளுக்குப் பெயரே பூதக்கண்ணாடி.

ஈரம் கசிகிறதென்றால் ஓட்டை.

நாலாம் நம்பர் கையுறையின் நடுவிரலைத் தன் பக்கமாகப் புரட்டினாள். ஊசிமுனை அளவு. அதை ஒட்டி, கை நுழைகிற உள்பக்கத்தில், வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

மருந்து காய்ந்தால் அப்படித்தான் பூக்கும்.

அப்படியென்றால் ஓட்டை இப்போது விழுந்ததல்ல. காலையில் எட்டாயிரம் குப்பிகள் நிரம்பியபோதே இருந்திருக்கிறது. மருந்து இந்தப்பக்கம் வந்திருக்கிறது. இங்கிருந்து அந்தப்பக்கம் என்ன போனதோ.

மணியை அழுத்தினாள்.

சூப்பர்வைசர் அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். அவள் பார்த்ததைச் சொன்னாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"துடைக்கும்போது கிழிஞ்சிடுச்சுன்னு எழுதிடும்மா. அந்த வெள்ளையைத் துணியால ஒரு இழுப்பு இழுத்துட்டா முடிஞ்சுது. சரக்கும் தப்பிச்சிடும். உனக்கு ஒரு மெமோ வரும், அத நான் பாத்துக்கிறேன்."

பெட்டியின் வெளிப்பக்கம் துடைக்கும் துணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, நனைந்தபடி.

அது ரத்தத்தில் நேராக ஏற்றுகிற மருந்து. வாய்வழி போனால் வயிறாவது கொஞ்சம் பார்த்துக்கொள்ளும். ரத்தத்தில் போனால் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

அவள் துணியை எடுக்கவில்லை.

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "காலைல நாலாம் நம்பர்ல நின்னது யாருன்னு உனக்குத் தெரியும். ஓட்டை இல்லைன்னு கையெழுத்து போட்டிருக்கு. சோதிச்சுப் பாக்காமலே போட்டதுன்னு ஆயிடும். வேலை போயிடும். யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன் சார்."

உண்மைதான். அந்த வெள்ளையைப் பார்த்த நொடியிலிருந்து வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை.

"துடைக்கத்தானே உனக்குச் சம்பளம்?" இப்போது அவர் கத்தினார்.

"துடைக்கத்தான் சார். மறைக்கிறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

சொல்லிவிட்டு ஒலிபெருக்கியை அணைத்தாள். இரண்டடுக்குக் கண்ணாடி. அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

துணியைக் குப்பைக்கூடையில் போட்டாள். கையுறைமேல் 'தொடாதே' என்ற சிவப்புச் சீட்டை ஒட்டினாள். பதிவேட்டைத் திறந்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாள். எந்தக் கையுறை, எந்த விரல், எந்தப் பக்கம் வெள்ளை. எழுத்துகளைப் பெரிது பெரிதாகப் போட்டாள். தூரத்திலிருந்தும் படிக்கலாம்.

கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள்.

அவர் வாய் நின்றுபோனது.

அவள் வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேலானது. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஆட்கள் இரண்டு பேர் வந்து பார்த்து, அவள் எழுதியதற்குக் கீழே கையெழுத்திட்ட பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகர்ந்தாள்.

உடை மாற்றும் அறையில் காலை ஷிப்டுக்காரி ஒருத்தி மட்டும் இருந்தாள். வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"நாளைலேர்ந்து வர வேணாம்னுட்டாங்க. நாலாம் நம்பர்ல ஓட்டைன்னு எழுதி, என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்ட மகராசி யாருன்னு மட்டும் தெரியட்டும்."

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"உன்னைப் பெத்தவதான்."