மூன்று மில்லிமீட்டர்

நீலச் சீட்டுக் கட்டிலிருந்து முதல் துண்டை மேசைமேல் விரித்ததும் சித்ரகலாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. துணியின் வலது ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி, மெல்லிசாக ஓர் ஊசிக்கோடு ஓடியது.

"துணி பாத்து எடுக்கவே தெரியல. இவ வந்து நமக்குச் சொல்லித் தரோணுமாமா," என்று முனகிக்கொண்டாள்.

சற்றுமுன் அளந்து முடித்த மஞ்சள் சீட்டுக் கட்டிலும் அதே இடத்தில் அதே கோடு இருந்தது. அது நிட்டிங் மிஷின் ஊசி செய்த தப்பு என்று அப்போது விட்டுவிட்டாள்.

மஞ்சள் சீட்டில் சித்ரகலாவின் பெயர். துவைத்தால் சுருங்காதபடி துணியை அழுத்தும் காம்பாக்டிங் மிஷினுக்குப் பன்னிரண்டு வருஷமாக அவள் சொல்லிவரும் சூட்டில் அழுத்தி எடுத்த பனியன் துணி. நீலச் சீட்டில் மஹ்னூரின் பெயர். லேபில் சேர்ந்து ஆறே மாதமான அவள் சொன்ன புதுச் சூட்டில் ஓடியது.

"எது கம்மியாச் சுருங்குதோ, இனி அதுதானுங்க. லேப் இன்சார்ஜ் யாருன்னும் இதுலயே முடிவு பண்ணிக்கலாம்," என்று காலையில் மேனேஜர் ரத்தினசாமி இரண்டு கட்டுகளையும் தானே தூக்கிவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கட்டுக்குப் பத்துத் துண்டுகள். துவைக்குமுன் ஒவ்வொன்றிலும் ஐம்பது சென்டிமீட்டருக்குக் குறி போட்டிருந்தார்கள். இப்போது அது எவ்வளவு இருக்கிறது என்று ஸ்கேலில் பார்த்துச் சொல்வது சித்ரகலாவின் வேலை. கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது மஹ்னூரின் வேலை.

வாஷிங் மிஷின் ஓட்டும் அழகுமலை கதவோரம் தலை நீட்டினான். "என்னக்கா, பொட்டி தட்டுற புள்ளைக்கு நம்பர் வாசிக்கிற ஆளாயிட்டீகளா?"

"உன்ற வேலையப் பாத்துட்டுப் போடா."

"இல்ல, முன்னயெல்லாம் மேனேஜரு எதுக்கெடுத்தாலும் சித்ரகலாவக் கேளும்பாரு. இப்ப மஹ்னூரக் கேளுங்காரு. அதான் கேட்டேன்."

அவன் போய்விட்டான். சொன்னது போகவில்லை. போன மாதம் துணி வாங்க வந்த வெளிநாட்டுப் பையர்கூட மஹ்னூர் திரையில் காட்டிய படத்தைப் பார்த்து அவளுக்குத்தான் கைகொடுத்தார். அந்தப் படத்திலிருந்த ஒவ்வொரு புள்ளியும் சித்ரகலா குனிந்து நின்று அளந்தது. அன்று அவள் ஸ்கேலைத் துடைத்தபடி ஓரமாக நின்றிருந்தாள்.

"அக்கா, நீலம் ஒண்ணு சொல்லுங்க." மஹ்னூர் திரும்பவில்லை.

ஸ்கேல் நாற்பத்தெட்டு என்றது.

"நாப்பத்தேழு புள்ளி ஏழு," என்றாள் சித்ரகலா.

மூன்று மில்லிமீட்டர். அரை அரிசி அளவு.

கீபோர்டின் மேல் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு தட்டின.

பத்துத் துண்டுக்கும் அதே அரை அரிசியைக் கழித்தே சொன்னாள். குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரு மில்லிமீட்டர்கூடப் பொய் சொல்லாத குரல் அது. யார் சந்தேகிக்கப்போகிறார்கள்?

டீ நேரத்துக்கு ரத்தினசாமி வந்தார். "ஆச்சுங்களா?"

"மஞ்சள் சராசரியா நாலு சதவீதம் சுருங்கியிருக்கு சார். நீலம் நாலு புள்ளி ஆறு." மஹ்னூரின் குரல் சன்னமாக இருந்தது.

"கொஞ்சந்தானுங்களே வித்தியாசம். தற்செயலாக்கூட வந்திருக்கும்."

"'ஆர்'ங்கிற சாஃப்ட்வேர்ல டி-டெஸ்ட்னு ஒரு கணக்குப் போட்டுடலாம் சார். ரெண்டு துணியும் ஒண்ணேதான்னு வெச்சுக்கிட்டா, தற்செயலா இவ்வளவு வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்புன்னு ஒரு நம்பர் குடுக்கும். நூத்துக்கு அஞ்சுக்குக் கீழ வந்தா, தற்செயல்னு சொல்லிட முடியாது."

"போடு கண்ணு."

ஒரு வரி அடித்து என்டரைத் தட்டினாள். வெள்ளைத் திரையில் நாலைந்து வரிகள் விழுந்தன. ஒன்றின் மேல் விரலை வைத்தாள். 0.0003.

"பத்தாயிரத்துக்கு மூணு சார்."

ரத்தினசாமி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மஹ்னூரின் கண்கள் நிறைந்துவிட்டன.

அந்தக் கண்ணீரைப் பார்க்கச் சித்ரகலாவுக்கு இனித்தது. ஆறு மாதமாக நெஞ்சுக்குள் முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தளர்ந்து, மூச்சு தாராளமாக வந்தது. ஜெயித்தவளின் பெருந்தன்மையோடு போய் அவள் தோளில் கைவைத்தாள்.

"அழுவாத கண்ணு. அடுத்த தடவ நல்ல துணியாப் பாத்து எடு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு நீதான சொல்லுவ?"

"சொல்லாதுக்கா." மஹ்னூர் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்சார்ஜ் வேலைய அக்காவுக்கே குடுங்கன்னு நான்தான் சார்கிட்டச் சொன்னேன். சீட்டுல யார் பேர எழுதி வெச்சாலும் அக்கா அளவு மாறாது, வேணும்னா சோதிச்சுப் பாருங்கன்னு பந்தயமே கட்டினேன்."

சித்ரகலாவின் கை அவள் தோளிலேயே கிடந்தது. ரத்தினசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மஹ்னூர் மஞ்சள் கட்டிலிருந்து கடைசித் துண்டையும் நீலக் கட்டிலிருந்து முதல் துண்டையும் எடுத்து, வெட்டிய ஓரங்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்தாள். ஊசிக்கோடு ஒன்றிலிருந்து மற்றதுக்குள் நேராக ஓடியது.

"ரெண்டும் ஒரே ரோல்க்கா."