வாசலில் நின்ற தண்ணி லாரி

“உங்க வீட்டுக் குடம் எங்க மதினி? தண்ணி வேணாமாக்கும்?”

பாண்டீஸ்வரி கேட்டதில் அக்கறை துளிகூட இல்லை. தேனியில் அந்தத் தெருவே குடத்தோடு லாரியை மொய்த்துக்கொண்டு நிற்கிறது. லாரி நிற்பதோ பொன்னாத்தாள் வீட்டு வாசலில். ஆனால் அவள் வீட்டுக் குடம் ஒன்றுகூட வரிசையில் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி படியில் நிற்கிறாள்.

வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பாண்டீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? குழாயில் தண்ணீர் வந்து மாசக்கணக்கில் ஆகிறது. அவசர ஏற்பாடு, தெருவுக்குத் தெரு லாரி என்று ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திவிட்டுப் போனதோடு சரி. வாரம் ஒருமுறை லாரி எட்டிப் பார்ப்பதே பெரும்பாடு. பெரிய மனுசர்கள் தெருவுக்கு மட்டும் தினமும் எப்படிப் போகிறது என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு நாதி இல்லை.

போன வாரம் வந்த லாரியும் வீணாய்ப் போனது. அன்றைக்கென்று பார்த்துத் தெருவில் ஒரு துட்டி. பிணம் எடுக்கிறவரை தெருவில் யார் குடத்தைத் தூக்குவது? நிறைதண்ணீரோடு வந்த லாரி அப்படியே திரும்பிவிட்டது.

“அந்த மனுசன் ஒரு நா பொறுத்துச் செத்தா என்னவாம்?” என்று பாண்டீஸ்வரி வயிற்றெரிச்சலில் வாய்விட்டே சொல்லிவிட்டாள். பொன்னாத்தாள்தான், பாவம் அப்படிப் பேசாதே என்று அடக்கினாள்.

அடக்குவாள், அவளுக்கென்ன? இங்கே பாண்டீஸ்வரியின் மகன் விஷால் நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கிறான். காய்ச்சிக் கொடுக்க வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நேற்று ஒரு சொம்பு கேட்டதற்கு, படுத்த படுக்கையாய்க் கிடக்கிற வீட்டுக்காரருக்கே பத்தவில்லை என்று கையை விரித்தவள் இந்தப் பொன்னாத்தாள். அப்படிப்பட்டவள் வாசலுக்கு வந்த தண்ணியை இன்றைக்கு வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்?

“எங்கனயோ வாங்கித் தொட்டிய ரொப்பி வச்சிருக்கா. அதான் கதவு சாத்திக் கெடக்கு” என்றாள் பாண்டீஸ்வரி, அவள் காதில் விழும்படியே. மற்ற பெண்களும் ஆமாம் போட்டார்கள்.

பொன்னாத்தாள் வாயைப் பொத்திய முந்தானையை எடுக்காமலே, சண்டை போடாமல் சீக்கிரம் பிடியுங்கள் என்று வரிசையைப் பார்த்துக் கை காட்டினாள். லாரிக்காரர் ஒச்சாண்டியிடம் போய், குழாயை இன்னும் திறந்து விடச் சொல்லி மெல்லக் கேட்டாள்.

“லாரி வாசல்ல நிக்கிறது மகாராணிக்குப் பொறுக்கலயோ? எம் பிள்ள நாக்கு வறண்டு கெடக்கான். ஒனக்கு வயிறு நெறஞ்சிருக்கு, அவசரப்படுத்துற. நீயெல்லாம் ஒரு மனுசியா?”

பொன்னாத்தாளின் கண் இரண்டும் சிவந்து போயிருந்தன. உண்மை சுட்டுவிட்டது என்றுதான் பாண்டீஸ்வரி நினைத்தாள்.

சண்டையில் வரிசையில் இடத்தை விட்டதால் கடைசியாகத் தண்ணீர் பிடித்தவள் பாண்டீஸ்வரிதான். குடத்தை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, மிச்சத் திட்டையும் திட்டித் தீர்க்க வாசலுக்கு வந்தாள்.

பொன்னாத்தாள் ஒச்சாண்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எல்லா வீட்லயும் பிடிச்சாச்சாண்ணே?”

“ஆச்சும்மா.”

லாரி தெருமுனையில் திரும்பியது. பொன்னாத்தாள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள். அடுத்த நொடி தெருவே அதிரும்படி ஒப்பாரி எழுந்தது.

எல்லோரும் பதறி ஓடினார்கள். உள்ளே அவள் புருசன் கருத்தக்கண்ணன் கிடந்தார். தாடைக்கட்டும் போட்டு, கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த தண்ணீர்த்தொட்டி காய்ந்து கிடந்தது.

பாண்டீஸ்வரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “எப்ப மதினி?”

“விடியக்காலமே போயிட்டாக ஆத்தா. நான் அப்பவே அழுதிருந்தா இந்த லாரியும் திரும்பிப் போயிருக்கும். ஒம் பிள்ளைக்குத் தண்ணி ஏது?”