தேயாத விரல்கள்

இரும்புல ஓட்டை போடுற ட்ரில் பிட்டு தேயாம இருக்கப் பூசுற தங்கக் கலர் கோட்டிங்கை வேலை செய்றவங்க விரலுக்கும் பூசுறோம்னு கம்பெனியில சொன்னதும், மொத ஆளா கையை நீட்டினவ தமயந்திதான். ஐ.டி.ஐ. முடிச்சு வந்த பொண்ணு. பூசிட்டா, ஓட்டை போடும்போது தெறிக்குற இரும்புச் சுருள் கிழிக்காது, சூடும் சுடாது. வேண்டாம்னா பிட்டுல இருந்து கரைச்சு எடுக்குற மாதிரி விரல்ல இருந்தும் எடுத்துடலாம்னு நெனச்சிருந்தா.

"இது கரையாதும்மா. விரல்தான் கரையும்"னு சூப்பர்வைசர் இன்னைக்குத்தான் சொன்னார்.

வீட்டுல அக்கா பாத்திரம் கழுவிட்டிருந்தா. "பாப்பா சிணுங்குறா. என் கை ஜில்லுன்னு இருக்கு, நீ தொட்டுப் பாருடி."

தமயந்தி அக்கா குழந்தையோட நெத்தியில விரலை வெச்சா. ஒண்ணுமே தெரியல.

"என்னடி தங்க விரல்காரி, காய்ச்சலா?"

"தெரியலக்கா. இனிமே தெரியவே தெரியாதாம்."

அக்கா திரும்பிப் பாத்தா. தமயந்தி குனிஞ்சு, பாப்பா நெத்தியில கன்னத்தை வெச்சா. கொதிச்சுது.