வாரம் ஒரு புதுத் தெரு

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், குடியிருப்போர் சங்கத் தலைவர் மனைவியோடு நடக்கக் கிளம்பிவிடுவார். வாரம் ஒரு புதுத் தெரு. மனைவி மரம், செடி, பறவை பார்ப்பார். தலைவர் குற்றம் பார்ப்பார்.

அன்று வாய்க்கால் ஓரமாகப் புதிதாகத் திறந்திருந்த பாதையில் வளைந்து வளைந்து போனார்கள். திடீரென்று தலைவர் நின்றார்.

"அந்த மாடி பால்கனியப் பாரு! உடைஞ்ச நாற்காலி, கிழிஞ்ச மெத்தை, காலி பெயின்ட் டப்பா... மனுஷன் குடியிருக்கிற வீடா இது?"

"நமக்கெதுக்குங்க ஊர் வம்பு?"

"நாம கேக்கலைன்னா யாரு கேப்பா? முன்பக்கத்த மட்டும் பளபளன்னு வெச்சிருப்பான், பாத்துக்க."

படம் எடுத்தார். 'இப்படியும் சில ஜென்மங்கள்! யார் வீடு என்று உடனே கண்டுபிடிக்கவும்' என்று எழுதி, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

கைதட்டல்கள் மளமளவென்று வந்து விழுந்தன. தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. வாய்க்கால் ஓர பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக ரசித்தார்.

மனைவி மட்டும் அந்த மாடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்தப் படத்த அழிச்சிடுங்க."

"எதுக்கு?"

"கொடியில ஒரு கோடு போட்ட போர்வை காயுது, பாருங்க."

"ஆமா, நம்ம வீட்லகூட அதே மாதிரி ஒண்ணு இருக்கே!"

"அதே மாதிரி இல்ல, அதேதான். பின்பக்க பால்கனிக்கு நீங்க என்னைக்கு வந்தீங்க? வேண்டாததையெல்லாம் கதவைத் திறந்து வீசுறதோட சரி."

தலைவர் பதறியடித்துப் படத்தை அழிப்பதற்குள், சங்கச் செயலாளரின் செய்தி வந்து விழுந்தது.

'கண்டுபிடிச்சாச்சு தலைவரே! எல்லாரும் அந்த வீட்டு வாசல்லதான் நிக்கிறோம். மணி அடிச்சா யாரும் திறக்கல. சாவி உங்ககிட்டதானே இருக்கு?'