கிளிப் படம் ஒட்டிய பிரிஜ்

பிரிஜ் நின்ற இடத்தில் மட்டும் தரை சதுரமாகப் பளிச்சிட்டது. கமறியா அதன்மேல் பாயை விரித்துத் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

எதிரே பிளாஸ்டிக் கதிரையில், வீட்டு வருமானக் கணக்கெடுக்க வந்த பிரியதர்சினி மிஸ். வீட்டில் மிச்சம் வைத்திருந்த ஒரே கதிரை அதுதான்.

மற்றதெல்லாம் விடிய எழும்பி, கிடுகு வேலியைப் பிரித்து, பக்கத்து வீட்டு றைஸாவிடம் தள்ளியாயிற்று. டீவி, சோபா, உடுப்புத் தோய்க்கிற மெசின், போன மாதம் வாங்கிய இரட்டைக் கதவுப் பிரிஜ், எல்லாம்.

முந்தல் பண்ணைகளில் இறால் வாங்கி விற்கிற புருசன் மஹ்ரூபுக்குக் கொஞ்சக் காலமாக நல்ல யாவாரம். அதற்காக மாதா மாதம் வருகிற நிவாரணக் காசை விட முடியுமா? வீட்டில் வசதி தெரிந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று ஊரே நம்பியது. இந்தக் கணக்குக்கும் நிவாரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று மிஸ் சொன்னதைக் கமறியா நம்பவில்லை. அரசாங்கம் சும்மா எதற்கு ஆள் அனுப்பும்?

மஹ்ரூபை நோயாளியாகப் படுத்து இருமச் சொல்லியிருந்தாள். அந்த மனுசன் ஒரு தரம் இருமிவிட்டு நிசமாகவே குறட்டை விடத் தொடங்கினான்.

அரிசிப் பானைக்குள் ஒளித்திருந்த போன் பாட்டுப் பாடியது. மிஸ் நல்ல வளர்ப்பு. பானைப் பக்கம் திரும்பவில்லை.

"எல்லா வீட்டையும் வருமானப்படி வரிசையில நிப்பாட்டினால், நட்டநடுவில ஒரு வீடு நிக்குந்தானே அக்கா. அது ஏறுதோ இறங்குதோ எண்டுதான் மூண்டு வருசத்துக்கொருக்கா வந்து பாக்கிறம்."

கமறியாவுக்கு நெஞ்சு எரிந்தது. அந்த வரிசையின் கடைசியில் தான் நிற்பதையும், மதினி அஸ்ரியா முன்னால் நின்று திரும்பிப் பார்த்துச் சிரிப்பதையும் நினைத்துப் பார்த்தாள். நிவாரணத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மிஸ்ஸின் பார்வை மூலைக்குப் போனது. போன முறை வந்தபோது அங்கே ஒரு பச்சைப் பிரிஜ் நின்றதே என்று கேட்டாள்.

"அதெல்லாம் வித்துத் திண்டுட்டோம் மகள்."

மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கமறியாவும் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரியம் பலித்துவிட்டது.

மிஸ் எழும்பினாள். இம்முறை புதிதாகச் சேர்த்த வீடு ஒன்று இருக்கிறது, றைஸாவின் வீடு எது என்றாள்.

கமறியா பாயிலிருந்து துள்ளி எழும்பினாள். பின்னாலேயே ஓடினாள்.

றைஸாவின் சின்ன அறையில் கால் வைக்க இடமில்லை. சோபாவின் மேல் டீவி. சுவரோரம் இரண்டு பிரிஜ், ஒன்று புதிது, ஒன்று பழையது. அவற்றுக்கு நடுவே பொலிசில் பிடிபட்டவள் போல றைஸா நின்றாள். புருசனில்லாதவள். கருவாடு விற்றதும் நிவாரணக் காசும் சேர்ந்தால்தான் அவள் அடுப்பு எரியும்.

மிஸ் கண்ணீரைத் துடைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள்.

கமறியா வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். றைஸா அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் பக்கம் திரும்பவே இல்லை. அதைத்தான் கமறியாவால் தாங்க முடியவில்லை.

"எழுதாதீங்க மகள்! எல்லாம் எங்கட சாமான். நாந்தான் ஒளிச்சி வெச்ச. றைஸா ராத்தாக்கு இதுல ஒரு கரண்டிகூடச் சொந்தமில்ல."

பிரிஜ் இரண்டுமா என்று மிஸ் சந்தேகத்தோடு கேட்டாள். இரண்டும்தான் என்றாள் கமறியா.

மிஸ் குனிந்து பழைய பச்சைப் பிரிஜ்ஜைப் பார்த்தாள். கதவில் கிளிப் படம் ஒட்டியிருந்தது. அவள் முகம் தெளிந்தது. ஓம், இதே கிளிதான். போன முறை கமறியாவின் மூலையில் தன் கண்ணாலேயே கண்டது.

எழுதியதை வெட்டினாள். எல்லாவற்றையும் கமறியாவின் பெயருக்கு மாற்றி, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

படலை சாத்திய சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் சோபாவில் விழுந்து, வயிறு நோகச் சிரித்தார்கள். பிறகு றைஸா எழும்பி, தன் பச்சைப் பிரிஜ்ஜைத் திறந்து குளிர்ந்த தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

போன முறை கமறியாவின் வீட்டில் உண்மையிலேயே ஒன்றும் இருக்கவில்லை. வெறும் வீட்டை வெளியாளுக்குக் காட்ட வெட்கப்பட்டு அவள் அழுதபோது, வேலியைப் பிரித்து அந்தப் பிரிஜ்ஜைத் தள்ளிக்கொண்டு வந்தவள் றைஸா.

அன்று மிஸ் போன பிறகு கமறியா அதைத் திறந்து பார்த்தாள். உள்ளே மீனும் இருந்தது.