பொட்டுப் பசை

குளியலறைச் சுவரில் வட்டமாக ஒரு பிசுபிசுப்பு. சிந்துஜா விரலை வைத்துப் பார்த்தாள். ஒட்டியது.

"சஞ்சீவ், இது என்ன?"

ஹாலில் லேப்டாப்பும் ஹெட்போனுமாக உட்கார்ந்திருந்த கணவன் எட்டிப் பார்த்தான். "தெரியலயே. ஷாம்பூ பட்டிருக்கும்."

ஷாம்பூவாம்! ஷாம்பூ என்றால் தண்ணீர் பட்டதும் போய்விடாதா? வெந்நீர் ஊற்றினாள். பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். பசை அசையவில்லை. கடைசியில் பஞ்சில் தேங்காய் எண்ணெயை நனைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து, காலாவதியான பேங்க் கார்டால் வழித்த பிறகுதான் டைல்ஸ் பழைய முகத்துக்கு வந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், பக்கத்திலேயே இன்னொரு வட்டம். புதன்கிழமை இரண்டு. மறுபடியும் எண்ணெய், மறுபடியும் கார்டு.

வியாழக்கிழமை வட்டம் இல்லை. சாட்சாத் பொட்டே இருந்தது. மெரூன் நிறத்தில், அஞ்சு சென் காசு அளவுக்கு ஸ்டிக்கர் பொட்டு.

சிந்துஜா அதை உரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவள் ஸ்டிக்கர் பொட்டே வைப்பதில்லை. கோயிலுக்குப் போனால் குங்குமம், அத்தோடு சரி. குளிக்கும்போது பொட்டை எடுத்துச் சுவரில் ஒட்டுவது பெண்கள் வழக்கம். அப்படியானால், அவள் பேங்க் வேலைக்குப் போன பிறகு, பிரிக்ஃபீல்ட்ஸ் கொண்டோ குடியிருப்பின் பதினோராம் மாடியில், அவள் வீட்டுக்குள் எவளோ ஒருத்தி குளிக்கிறாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற சஞ்சீவுக்குத் தெரியாமல் அது நடக்குமா?

கிள்ளானில் இருக்கும் தங்கை இந்துஜாவுக்கு போன் போட்டாள்.

"அக்கா, நேரா கேட்டுடு லா."

"கேட்டேன்டி. ஷாம்பூங்கிறாரு."

"அப்ப ஹாஃப் டே லீவு போட்டுப் போய் நில்லு. கையும் களவுமா பிடி."

சாப்பிடும்போது சஞ்சீவ் கேட்டான். "ஏன் ஒரு மாதிரியா இருக்க?"

"ஒண்ணுமில்ல."

ஆறு வருஷக் கல்யாணம். ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. லிஃப்டில் பதினோராம் மாடிக்கு ஏறினாள். கதவு திறந்தால், வீட்டுக்கு வெளியே செருப்பு அலமாரி மேல் சஞ்சீவ் உட்கார்ந்திருக்கிறான், மடியில் லேப்டாப்போடு! வாசல் கதவு சாத்தியிருந்தது.

"சிந்து! நீ எப்படி இந்த நேரத்துல...?"

"உள்ள யாரு?"

"கத்தாத, சொல்றேன்."

"யாருன்னு கேட்டேன்!"

அவனைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தாள். குளியலறைக் கதவு திறந்தது.

தலையில் துண்டு, நெற்றியில் புதிதாக மெரூன் பொட்டு, கையில் தரை துடைத்த துணி. வீரம்மா! கொண்டோவின் இருபது மாடிக் குப்பையையும் அள்ளுகிற ஐம்பத்தைந்து வயது வீரம்மா.

சிந்துஜாவுக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. இதைச் சொல்ல என்ன கேடு இந்த மனுஷனுக்கு?

வீரம்மா முகத்தில் பயமே இல்லை. ஓடிவந்து சிந்துஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களாம்மா! உங்களைப் பார்த்து ஒரு வார்த்த சொல்லணும்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன். தம்பிதான், மேடத்துக்கு நன்றி சொன்னாலே பிடிக்காதுன்னு தடுத்துட்டாரு."

"எனக்கு எதுக்குக்கா நன்றி?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? காலையில குப்பை ரூம் வேலை. மதியம் மாடி மாடியா மாப் போடணும். குப்பை அள்ளுன உடம்போட லிஃப்ட்ல ஏறினேனா, நாத்தம் தாங்கலன்னு யாரோ மேனேஜ்மெண்ட்டுக்கு லெட்டர் போட்டுட்டாங்க. இன்னொரு கம்ப்ளெய்ன் வந்தா வேலை இல்லன்னுட்டான் சூப்பர்வைசர். எங்களுக்குக் குளிக்க இடம் ஏதும்மா? மாடிப்படியில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தேன். இந்தத் தம்பிதான் வந்து கூப்பிட்டாரு."

சஞ்சீவ் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வரவே மாட்டேன்னேன். மேடம் ஏதாச்சும் சொல்லுவாங்கன்னு பயம். 'இல்லக்கா, என் ஒய்ஃப்தான் உங்களை வீட்டுல குளிச்சிட்டுப் போகச் சொன்னா'ன்னு தம்பி சொன்ன பிறகுதான் காலெடுத்து வச்சேன். நீங்க நல்லா இருக்கணும்மா. அந்த லெட்டர் போட்டவங்களும் நல்லா இருக்கட்டும், எனக்கென்ன."

சிந்துஜாவால் கையை விடுவித்துக்கொள்ள முடியவில்லை.

போன மாதம் அந்த லெட்டரை எழுதியது அவள்தான். அனுப்பாதே என்று சஞ்சீவ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.