தலைகீழாகத் தொங்குகிறவன்

இரும்புக்கடையை மனைவியின் தம்பி சடையப்பன் பேருக்கு மாற்றி எழுதலாமா என்று கேட்கத்தான் வைரவன் அந்தச் சீட்டு ஜோசியக்காரியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அழைத்து வந்ததும் சடையப்பன்தான். வைரவன் உருவிய சீட்டில் ஓர் இளைஞன் ஒற்றைக் காலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கினான். முகத்தில் மட்டும் ஒரு வருத்தமும் இல்லை.

“பழைய காலத்துல இவன் துரோகி சார். காட்டிக்கொடுத்தவனை இப்படித்தான் தொங்கவிடுவாங்களாம். அப்புறம் வந்தவங்க தியாகின்னு சொன்னாங்க. இப்போ நாங்க பொறுமைன்னு எடுத்துக்குறோம்,” என்றாள் அவள்.

“படம் அதேதானே?”

“அதேதான்.”

“துரோகி தியாகியா ஆனதுக்கு நடுவுல தரகு பார்த்தது யாரும்மா?”

அவள் சிரித்தாள். நாற்காலிக்குப் பின்னாலிருந்து சடையப்பன் குரல் வந்தது. “பொறுமைன்னா நல்ல சகுனம்தானே அத்தான். நாளைக்கே எழுதிடலாம்.”

வைரவன் எந்தச் சரக்கையும் ஒரு பக்கம் மட்டும் பார்த்து வாங்கியவரல்ல. சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். தொங்குகிறவனின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

“கையைக் கட்டியிருக்காங்களா, இல்ல இவனே எதையாவது ஒளிச்சு வச்சிருக்கானா?”

“அதை யாரும் வரைஞ்சு காட்டலை சார்.”

சீட்டைத் திருப்பினார். பின்பக்கம் வெறும் பூவேலைதான். அப்படியே திரும்பிச் சடையப்பனைப் பார்த்தார். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பவ்யமாக நின்றிருந்தான்.

“மாப்ள, கையைக் கொஞ்சம் காட்டுங்க.”

சடையப்பன் புன்னகை மாறாமல் ஒரு கையை மட்டும் முன்னால் நீட்டினான்.